வெக்ஸா, பேடா? உல்லைக் கடலில் சேர்ஃப் போர்ட் வழுக்காமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கச்சான் காற்று தொடங்கி உல்லையில் (அறுகம் குடா) அலை எழும்பும் காலத்தில், பொத்துவில், கோமாரி, பாணமைப் பக்கம் புதிதாகச் சேர்ஃப் பழகுகிறவர்களும் பழைய போர்ட் வாங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். வெக்ஸ் உறையில் அச்சடித்து வரும் குறிப்புகளில் பாதி குளிர்க்கடலுக்கானவை. அவற்றை இங்கே அப்படியே செய்தால் காசும் வீண், காலும் வழுக்கும். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்படியே விட்டிருக்கிறோம்.

வெக்ஸ் எண்டா என்ன? அத ஏன் போர்டுக்குப் பூசுற?

ஃபைபர் கிளாஸ் போர்டின் மேல்பக்கம் வழவழப்பானது. நனைந்த கால் அதில் நிற்காது. பரஃபின் மெழுகோடு தேன்மெழுகு, எண்ணெய் போன்ற இளக்கும் பொருட்கள் சேர்த்து உள்ளங்கை அளவுக் கட்டியாக விற்பதுதான் வெக்ஸ். கால் வைக்கும் மேல்பக்கத்தில் மட்டும் பூசுவார்கள்.

பூசும்போது அது சிறு சிறு பருக்களாகத் திரளும். பிடிமானம் தருவது அந்தப் பருக்கள்தான். சந்தனம் பூசுவதுபோல மட்டமாகத் தேய்த்து விட்டால் எவ்வளவு வெக்ஸ் போட்டும் பிரயோசனமில்லை.

அப்ப பேட் எண்டுறது வெக்ஸுக்குப் பதிலா ஒட்டுறதா?

பாதிக்குத்தான் பதில். பேட் என்பது ஈ.வி.ஏ. நுரைத்தகடு, அடியில் பசை பூசி வரும். பெரும்பாலானோர் ஒட்டுவது வால்பக்கம், பின்னங்கால் நிற்கும் இடத்தில் மட்டும். அதைத்தான் டெயில் பேட் என்கிறார்கள். முன்னங்கால் நிற்கும் இடத்துக்கும், படுத்துக்கொண்டு கையால் துடுப்புப்போலத் தண்ணீரை வலிக்கும்போது நெஞ்சு படும் இடத்துக்கும் வெக்ஸ்தான்.

ஆகவே ‘வெக்ஸா பேடா’ என்று கேட்பதைவிட, பின்னங்காலுக்குப் பேட் தேவையா என்று கேட்பதே சரி. வெக்ஸை முழுதாகக் கைவிடுவது பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

நான் இப்பதான் பழகுறன். எனக்கு எது நல்லம்?

வெக்ஸ். பேடுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழகும் காலத்தில் எழும்பும் ஒவ்வொரு தடவையும் கால் வேறு வேறு இடத்தில் விழும். பேடோ ஒரே இடத்தில்தான் இருக்கும். போதாததற்கு அதன் பின்விளிம்பில் உயர்ந்து நிற்கும் பகுதி, பழகாத காலைத் தட்டி விழுத்தும். பேபி பொயின்டில் வெள்ளைத் தண்ணியில் (உடைந்து நுரைத்து வரும் அலையில்) பழகுகிறவர் நிற்க வேண்டிய இடம் போர்டின் நடு, வால் அல்ல.

சொஃப்ட் போர்டுக்கு வெக்ஸ் தேவையில்ல எண்டுதான் தந்தாங்க. பிறகு ஏன் வழுக்குது?

மேலே நுரைத்தோல் போர்த்த போர்ட் அது. புதிதாக இருக்கும்போது அந்தத் தோலில் உள்ள சொரசொரப்பே காணும். வாடகைக்குப் போய் வந்து பல மாதம் ஆன போர்டில், கால் படும் நடுப்பகுதி தேய்ந்து பளபளக்கும். கையால் தடவிப் பாருங்கள். நடுவும் ஓரமும் ஒரேமாதிரி இல்லையென்றால் நடுவுக்கு வெக்ஸ் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சொஃப்ட் போர்டில் பருக்கள் திரளுவது கடினம். வெக்ஸைப் படுக்கையாகப் பிடிக்காமல் கட்டியின் விளிம்பால் கீறுவதுபோலக் குறுக்கும் நெடுக்கும் இழுங்கள். அழுத்தினால் நுரை அமுங்குமே தவிர வெக்ஸ் ஏறாது.

கடையில நாலஞ்சு நிறத்தில வெக்ஸ் கிடக்கு. எதை வாங்குற?

நிறத்தைப் பார்க்காதீர்கள், அது கம்பனிக்குக் கம்பனி மாறும். உறையில் உள்ள வெப்பநிலையைப் பாருங்கள். அது கடல் தண்ணீரின் வெப்பநிலை, காற்றினுடையது அல்ல. பொதுவாக கோல்ட் என்பது 14, 15 பாகைக்குக் கீழே, கூல் 19 வரை, வோர்ம் 19 முதல் 23 வரை, டிரொப்பிகல் 24 பாகைக்கு மேலே. ஓரிரு பாகை கூடிக் குறையலாம்.

நமது கிழக்குக் கடல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 முதல் 30 பாகை. ஆக, டிரொப்பிகல் ஒன்றுதான் தெரிவு. அதுவும் மத்தியான வெயிலில் இளகிப் போகிறது என்றால், பேஸ் கோட் (அடிப்பூச்சு) என்று எழுதிய கடினமான கட்டியையே அடிப்பூச்சாகவும் மேல்பூச்சாகவும் பூசலாம். பல கம்பனிகள் ஒரே கட்டியில் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கும்.

அவுஸ்ரேலியாவில இருந்து மச்சான் ஒரு பெட்டி வெக்ஸ் கொண்டு வந்து தந்தார். ‘கூல்’ எண்டு போட்டிருக்கு. பாவிக்க ஏலுமா?

பூசலாம், நிற்க முடியாது. குளிர்க்கடலில் வெக்ஸ் இறுகிவிடும் என்பதால் அந்த வகையை வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். நம் தண்ணீரில் அது வெண்ணெய்ப் பதத்துக்கு வந்து பருக்கள் அமுங்கி, காலிலும் வயிற்றிலும் அப்பிக்கொண்டு போகும். கடினமான அடிப்பூச்சின் மேல் மிக மெல்லிதாக, விடியற்காலை ஒரு தடவை கடலுக்குள் போக மட்டும் கொஞ்சம் உதவும். குளிர் நாட்டுக்குத் திரும்பிப் போகிற ஒருவருக்குக் கொடுத்து டிரொப்பிகல் கட்டி மாற்றிக்கொள்வது புத்தி. மறுபக்கமாக, டிரொப்பிகலை மெல்பேர்ன் குளிரில் பூசினால் அது இறுகி வழுக்கும்.

புதுப் போர்டுக்கு எப்படிப் பூசுற? ஒரு கட்டி காணுமா?

நிழலில் வையுங்கள். போர்ட் காய்ந்து, எண்ணெய்ப்பசை இல்லாமல், சூடில்லாமல் இருக்க வேண்டும். முதலில் பேஸ் கோட். கட்டியின் விளிம்பால் மூலைவிட்டமாக ஒரு பக்கம் கோடு கோடாக இழுத்து, பிறகு எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டம் கட்டமாக்குங்கள். அதன்மேல் அழுத்தாமல் சிறு வட்டங்களாகச் சுற்றிக்கொண்டே போனால் கோடுகள் சந்திக்கும் இடங்களில் பருக்கள் எழும். இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். பொறுமை இல்லாமல் அழுத்தினால் பருக்கள் மட்டமாகிவிடும். அதற்குப் பிறகு கழற்றித்தான் திரும்பப் பூச வேண்டும்.

பருக்கள் எழுந்த பிறகு டொப் கோட், அதாவது டிரொப்பிகல், மிக இலேசாக. கட்டிகள் பெரும்பாலும் 80 கிராமுக்குக் கொஞ்சம் கூட. 6 அடிப் போர்டுக்கு முதல் தடவை பேஸ் கோட்டில் அரைக் கட்டிக்கு மேல், டொப் கோட்டில் கால் கட்டி. 9 அடி லோங் போர்டுக்கு இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பூசுவது என்றால், சிறிய போர்டில் வாலிலிருந்து நெஞ்சு படும் இடம் வரை. மூக்குப் பக்கம் வீண். கை ஊன்றி எழும்பும் இடத்தில் ஓரங்களிலும் கொஞ்சம் தடவுங்கள். கை வழுக்கி முகம் போர்டில் அடிபடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது. லோங் போர்டில் முன்னால் நடந்து போவதால் கிட்டத்தட்ட முழுவதும்.

ஒவ்வொரு நாளும் பூசணுமா?

டொப் கோட் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இரண்டு நிமிடத் தடவல். பேஸ் கோட்டைத் தொட வேண்டாம். பருக்கள் இருந்தும் தட்டையாகியிருந்தால் வெக்ஸ் சீப்பின் பல்லால் குறுக்கும் நெடுக்கும் கீறினாலே பாதி பிடிமானம் திரும்பும். ஆறு, எட்டுக் கிழமைக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள். கறுத்து, மண் கலந்து, தட்டுத் தட்டாக ஏறிய வெக்ஸ் பாரம்தான். வெடிப்புகளையும் மறைக்கும், உள்ளே தண்ணீர் ஏறுவது தெரியாமலே போகும்.

காலையில பூசினது மத்தியானத்துக்குள்ள வழிஞ்சு போயிட்டு. கட்டி கள்ளக் கட்டியா?

கட்டியைக் குறை சொல்ல வேண்டாம். கடலுக்குள் 28 பாகை. உல்லை மணலில் வெயிலில் மல்லாக்க வைத்த போர்டின் மேல் அதைவிட எவ்வளவோ கூடிய சூடு. எந்த டிரொப்பிகலும் அதில் நிற்காது. கரைக்கு வந்தால் மேல்பக்கத்தைக் கீழாகக் கவிழ்த்து, நிழலில், மணல் ஒட்டாத ஒன்றின் மேல் வையுங்கள். நிழல் இல்லையென்றால் ஈரத் துவாய் போடுங்கள்.

ஓட்டோக் கூரையில் கட்டி பீனட் ஃபாமுக்கோ விஸ்கி பொயின்டுக்கோ போகும்போது வெக்ஸ் பக்கம் கீழே. இரண்டு போர்ட் என்றால் வெக்ஸும் வெக்ஸும் பார்த்தபடி, நடுவில் துணி. மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் கொண்டு வருகிறவர்கள் உறைக்குள் போடும் முன் வெக்ஸை முழுதாகக் கழற்றிவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் பொத்துவிலில் இறங்கும்போது வெக்ஸ் உறையில் இருக்கும், போர்டில் இருக்காது.

வெயில் வெக்ஸை மட்டும் கெடுப்பதில்லை. உள்ளே இருக்கும் நுரை சூடாகி விரிந்தால் மேல் கண்ணாடி நார்த் தோல் கிளம்பிக் குமிழ் போடும். வெள்ளை மணி மணியான ஈ.பி.எஸ். நுரை உள்ள எபொக்சி போர்டுகளுக்கு இது சீக்கிரம் நடக்கும். அதைத் திருத்தும் செலவில் பல வருசத்துக்கு வெக்ஸ் வாங்கலாம்.

பழைய வெக்ஸ எப்படிக் கழட்டுற? பெற்றோல் போட்டா லேசு எண்டு சொன்னாங்க.

பெற்றோலும் தின்னரும் வேண்டாம். போர்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கி ஈ.பி.எஸ். நுரையைக் கரைத்துவிடும். சொஃப்ட் போர்டின் தோலையும் கெடுக்கும். மண்ணெண்ணெய் விடும் பசையில் புது வெக்ஸ் ஒட்டாது.

மேல்பக்கத்தை வெயிலுக்குக் காட்டி ஐந்து நிமிடம் போதும். ‘காணாது’ என்று அரை மணி நேரம் விட்டுப் போகாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். வெயில் இல்லாத நாளில் சுடுதண்ணீர் ஊற்றுங்கள், கொதிக்கும் தண்ணீர் அல்ல. வெக்ஸ் சீப்பின் நேர்விளிம்பாலோ பழைய பிளாஸ்ரிக் அட்டையாலோ ஒரே திசையில் வழியுங்கள். கத்தியோ தகரமோ கீறும். மிஞ்சிய பசைக்குத் துணியில் சில துளி தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்து, உடனே சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். அந்தக் கழுவலைத் தவறவிட்டவர்களின் முறைப்பாடுதான் “புது வெக்ஸ் ஒட்டுதில்ல” என்பது. வழித்த வெக்ஸை உருட்டிக் குப்பைக்குள் போடுங்கள். கரையில் விட்டால் மணலோடு சேர்ந்து அடுத்தவர் காலில் ஒட்டும்.

மெழுகுதிரி தேய்ச்சாக் காணாதா? இல்லாட்டி வீட்டில செய்ய ஏலுமா?

வெக்ஸ் கட்டி வருவதற்கு முன் சேர்ஃப் ஆட்கள் பரஃபின் தேய்த்தது உண்மை. ஆனால் மெழுகுதிரியில் ஒட்டும் தன்மை கிடையாது. காய்ந்தால் உதிரும், நனைந்தால் வழுக்கும். அவசரத்துக்கு அடிப்பூச்சாக வைத்து மேலே நல்ல டிரொப்பிகல் போடலாம்.

வீட்டில் செய்வதென்றால் தேன்மெழுகு நான்கு பங்கு, தேங்காயெண்ணெய் ஒரு பங்கில் தொடங்குங்கள். தேங்காயெண்ணெய் 24, 25 பாகையிலேயே உருகிவிடும் பொருள். நம் கடலில் அது என்றுமே திரவம்தான். கூடினால் கட்டி குழைந்து எண்ணெய் கக்கும். வெளிநாட்டுச் செய்முறைகளில் உள்ள எண்ணெய் அளவு இங்கே சரிவராததற்குக் காரணம் இது. சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் உருக்குங்கள். மெழுகை நேரடி நெருப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். பிடிப்பு கூட்டக் குங்கிலியம் போடச் சொல்வார்கள். அது கொதிநீர்ச் சூட்டில் சரியாக உருகாது, நேரடி நெருப்பு ஆபத்து, ஆகவே விட்டுவிடுங்கள்.

டெயில் பேட் எந்தப் போர்டுக்கு வேணும்?

ஏறக்குறைய 7 அடிக்குக் குறைந்த, மூன்று ஃபின் (அடியில் பூட்டும் செட்டை) உள்ள போர்டில், அலை முகத்தில் வெட்டித் திரும்பப் பழகுகிறவருக்கு. மெயின் பொயின்டில் வேகமாக ஓடும் நீண்ட அலையில் பின்னங்கால் ஃபின்களுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பேட்டின் நடு மேடும் பின் உயர்வும் பார்க்காமலே கால் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடும். வெக்ஸ் அதைச் சொல்லாது. பேட்டின் உண்மையான இலாபம் அதுதான். வெக்ஸ் மிச்சம் என்பது சிறு விசயம்.

லோங் போர்டுக்கு வேண்டாம். அதில் கால் நகர்ந்துகொண்டே இருக்கும், பேட் தடுக்கும். 7 முதல் 8 அடி நடுத்தரப் போர்டுகளில் உயர்வு குறைந்த தட்டைப் பேட் விரும்பினால் போடலாம், கட்டாயமில்லை.

பேட் ஒட்டுறது எப்படி? பிழைச்சா எடுக்க ஏலாதாமே?

எடுக்கலாம், ஆனால் பசை செத்துவிடும். அதே பேட் திரும்ப ஒட்டாது. அதனால் ஒட்டும் முன் அளவு பார்ப்பதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வெக்ஸை மேலே சொன்ன முறையில் கழற்றுங்கள், ஆனால் தேங்காயெண்ணெய் வேண்டாம். கடைசியில் பாமசியில் வாங்கும் ஐசோப்ரொப்பைல் அல்கஹோலால் இரண்டு தடவை, புதுத் துணியால் துடையுங்கள். பிறகு கைபடக் கூடாது.

தாளை உரிக்காமலே பேட்டை வைத்துப் பாருங்கள். பின்விளிம்பு, கால் கயிறு பூட்டும் குழிக்கு இரண்டு விரல் முன்னால். நடுத்துண்டு போர்டின் நடு மரக்கோட்டுக்கு நேர். பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். நடுத்துண்டில் தொடங்கி, தாளை மூன்றில் ஒரு பங்கு உரித்து, ஒட்டி, மிச்சத்தை இழுத்துக்கொண்டே நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். எல்லாம் முடிந்ததும் புல்லில் வைத்து, போர்டின் அடியில் மெத்தை போட்டு, இரண்டு கையாலும் உடல் பாரம் கொடுத்து ஓரம் ஓரமாக அழுத்துங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

ஒட்டி ரெண்டு கிழமையில ஓரம் கிளம்பிட்டு.

மூன்று காரணங்களில் ஒன்று: வெக்ஸ் பசை மிஞ்சியிருந்தது, 24 மணி நேரம் பொறுக்கவில்லை, அல்லது வெயிலில் விட்டுப் பசை இளகியது. கிளம்பிய இடத்துக்குள் மணல் போகும் முன் பாருங்கள். நல்ல தண்ணீரால் கழுவி, முற்றாகக் காயவிட்டு, அல்கஹோல் துணியை உள்ளே விட்டுத் துடைத்து, தண்ணீர் தாங்கும் கொன்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் மெல்லிதாகப் பூசி, ஒட்டுப்பதம் வந்ததும் அழுத்திப் பாரம் வையுங்கள். சொஃப்ட் போர்டில் அந்தப் பசை பூச வேண்டாம். நுரைத்தோலில் பேட் நிலைத்து ஒட்டாது.

முழுதாக எடுப்பதென்றால் சுடுதண்ணீரால் இளக்கி, தங்கூசி நூலை அடியில் கொடுத்து அறுப்பதுபோல இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே வாருங்கள். பலமாகப் பிய்த்தால் பூச்சும் சேர்ந்து வரும்.

முன்னுக்கும் பேட் ஒட்டிட்டா வெக்ஸே தேவையில்லத்தானே?

ஆம், அப்படிப் போர்டுகள் இருக்கின்றன. வெயிலில் உருகாது, துணியில் ஒட்டாது, வெக்ஸ் வாங்கும் வேலை இல்லை. ஆனால் குளிர் நாட்டில் வெட்சூட்டின் (குளிர் தாங்கும் தடித்த நீருடுப்பு) மேல் படும் பேட் இங்கே வெறும் தோலில் படும். இரண்டு மணி நேரம் படுத்துக் கையால் தண்ணீர் வலித்தால் நெஞ்சும் வயிறும் எரியும். வெக்ஸும் தேய்க்கும்தான், ஆனால் ஈ.வி.ஏ. அளவுக்கு இல்லை. லைக்ரா மேலுடுப்புப் போடாமல் முன் பேட் யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று: கால் ஒரு விரல் நகர்ந்தால் வெக்ஸில் பரவாயில்லை, பேட் துண்டுகளுக்கு இடையில் விழுந்தால் வெறும் கண்ணாடி நார். உல்லைக்கு எங்கள் தெரிவு பின்னால் பேட், முன்னால் டிரொப்பிகல்.

முழுக்கை லைக்ராவும் லெகிங்ஸும் போட்டுத்தான் பிள்ளைகள் இறங்குறாங்க. உடுப்பில ஒட்டின வெக்ஸ் போகுதில்ல.

சுடுதண்ணீரில் ஊறவைத்தால் துணிக்குள் இறங்கும். ஐஸ்கட்டி வைத்து இறுக்கி, நகத்தாலோ கரண்டியாலோ உடைத்து எடுங்கள். மிச்சத்தின் மேலும் கீழும் பேப்பர் வைத்து, குறைந்த சூட்டில் ஸ்திரிக்கைப் பெட்டியைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் பேப்பர் உறிஞ்சும். லைக்ரா சூடு தாங்காது, கவனம். பிறகு சவர்க்காரம்.

நோர்வேயில இருக்கிற சின்னம்மாட மகன் பனிச்சறுக்குக் கட்டைக்கு அடியில வெக்ஸ் பூசுறான். நாங்களும் அடியில பூசினா வேகமா ஓடாதா?

ஓடாது. அடியில் வெக்ஸ் பட்டால் மணல் ஒட்டும், தண்ணீர் இழுக்கும். அடுக்கி வைத்தபோது பட்டிருந்தால் துடைத்துவிடுங்கள்.

பனியில் கதை வேறு. சமதரையில் நடந்து சறுக்கும் கட்டையில் இரண்டு வெக்ஸ்: நுனியும் வாலும் வழுக்க ஒன்று, நடுப்பகுதி பனியைப் பிடித்து உந்த இன்னொன்று. பிடிக்கும் வெக்ஸைப் பனியின் வெப்பநிலை பார்த்துத் தெரிய வேண்டும். நாம் கடல் பார்ப்பதுபோல. அதற்குப் பதிலாக நடுவில் மீன் செதில் மாதிரி வெட்டிய, வெக்ஸ் வேண்டாத கட்டைகளும் உண்டு. காய்ந்த கடுங்குளிர்ப் பனியில் வெக்ஸ் கட்டை நன்றாக ஓடும். பூச்சியப் பாகையை ஒட்டி ஏறி இறங்கும் ஈரப்பனியில் சரியான வெக்ஸ் பிடிப்பது தலையிடி, செதில் கட்டை நிம்மதி.

வெக்ஸ் புதுசு, பேடும் இருக்கு. இன்னும் வழுக்குதே நானா?

முதலில் கையைப் பாருங்கள். சன்கிறீமோ தேங்காயெண்ணெயோ பூசிய கையால் போர்டைத் தூக்கினால் அந்த இடம் போச்சு. மணலில் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகு போர்டைத் தொடுங்கள். அவற்றை முழங்காலிலும் வயிற்றிலும் பூசாதீர்கள். அடுத்தது மணல்: வெக்ஸில் மணல் ஒட்டினால் பருக்கள் மூடிவிடும். சீப்பால் கீறி, அலசி, மேலே ஒரு தடவல்.

இதெல்லாம் சரி, ஆனாலும் முன்னங்கால் மட்டும் வழுக்குகிறது என்றால் கால் நுனியில் எழும்புகிறீர்கள். உள்ளங்கால் முழுதும் படாமல் எந்த வெக்ஸும் பிடிக்காது. கரையில் மணலில் போர்டின் வடிவம் கீறி எழும்பிப் பாருங்கள். முன்பாதத் தடம் முழுதாகப் பதிகிறதா, விரல் மட்டும் பதிகிறதா என்று மணல் காட்டிவிடும்.

வாடகைக்கு விட இருபது போர்ட் எடுக்கப் போறன். எல்லாத்துக்கும் பேட் ஒட்டிட்டா வெக்ஸ் செலவு மிச்சம்தானே?

பேட் செலவு அதைவிடக் கூடும். வாடகைக்கு எடுப்பவர்களில் அதிகம் பேர் பழகுகிறவர்கள். அவர்களுக்குப் பேட் ஏன் ஆகாது என்பதை மேலே சொல்லியிருக்கிறோம். 8, 9 அடி சொஃப்ட் போர்டுகளை வெறுமனே விட்டு, நடு தேய்ந்ததும் கடினமான பேஸ் கோட் கட்டி ஒன்றை மட்டும் பூசுங்கள். கேட்டு வருகிற அனுபவசாலிகளுக்காக நாலைந்து சிறிய ஃபைபர் போர்டில் உயர்வு குறைந்த டெயில் பேட் போதும்.

வெக்ஸ் கட்டியை ஆளுக்கு ஆள் கொடுக்காமல், காலையில் கடையிலேயே ஒருவர் எல்லாப் போர்டுக்கும் பூசிக் கொடுங்கள். போர்ட் அடுக்கும் தட்டி செங்குத்தாக, கிழக்கு வெயில் விழாத பக்கமாக இருக்கட்டும்; போர்டுகளை மேல்பக்கமும் மேல்பக்கமும் பார்க்க அடுக்குங்கள்.